குழந்தைகளோடு ஏற்காடு: கோவளத்திலிருந்து இரண்டு இரவு

கடற்கரையில் குடியிருந்தாலும் கடல் அலுத்துப்போகும் மாதங்கள் உண்டு. ஏப்ரல் வந்துவிட்டால் கோவளம் மணலில் காலை பத்து மணிக்கு மேல் கால் வைக்க முடியாது. முட்டுக்காடு படகுக்கும் பிள்ளைகள் முன்போலத் துள்ளுவதில்லை. "எங்கேயாவது மலைக்குப் போகலாம்" என்று ஆரம்பிப்பார்கள். கோவளம், கேளம்பாக்கம், வண்டலூர், தாம்பரம், மேடவாக்கம் பக்கம் வசிக்கும் குடும்பம், 2 முதல் 12 வயதுக்குள் பிள்ளைகள், மூன்று பகல், இரண்டு இரவு என்று வைத்துக்கொண்டு இந்த அத்தியாயம் எழுதப்பட்டிருக்கிறது. ஒரு நாள் லீவு போட வேண்டியிருக்கும்.

பெரியவர்கள் மட்டும் போகும் பயணத்தில் எத்தனை இடம் பார்த்தோம் என்பது கணக்கு. பிள்ளைகளோடு போகும்போது தூக்கம், வயிறு, சளி மூன்றும் நேரத்துக்கு நேரம் எப்படி இருக்கின்றன என்பதுதான் கணக்கு. இனி வரும் யோசனைகள் எல்லாம் அதை வைத்தே சொல்லப்படுகின்றன.

எந்த மலை?

ஊட்டியும் கொடைக்கானலும் நம் பக்கத்திலிருந்து ஏறக்குறைய 500 கிலோமீட்டர். போக ஒரு நாள், வர ஒரு நாள் கழிந்தால் நடுவில் மிஞ்சுவது ஒரே நாள். அதிலும் பாதி, போக்குவரத்து நெரிசலில் போகும். இரண்டு ஊருக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் கட்டாயமாகியிருக்கிறது. 2025 கோடையில் ஊட்டிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்றும், கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். பிள்ளைகளிடம் வாக்குக் கொடுத்துவிட்டுப் பாஸுக்குக் காத்திருப்பது கஷ்டம்.

ஏலகிரி மிகப் பக்கம், வளைவும் 14தான். ஆனால் உயரம் 1,100 மீட்டரை ஒட்டித்தான் இருக்கும், மே மாதத்துப் பகலில் ஸ்வெட்டருக்கு வேலை இருக்காது. சேலத்துக்கு மேலே சேர்வராயன் மலையில் இருக்கும் ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6 டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. சேலமும் கொஞ்சம் உயரத்தில்தான் இருப்பதால், அதன்படி சேலத்து வெயிலிலிருந்து ஏறத்தாழ 7 டிகிரி கழித்துக்கொள்ளலாம். குளிர் தெரியும், மூச்சு வாங்கும் உயரமும் இல்லை. முதல் மலைப் பயணத்துக்கு என் ஓட்டு ஏற்காட்டுக்கே.

எப்போது போகலாம்?

மே மாதக் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் நடக்கும் நாட்களைத் தவிருங்கள். பூக்கள் அழகுதான். ஆனால் அண்ணா பூங்கா வாசலில் இடுப்பில் குழந்தையோடு வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். ஜூன் முதல் வாரம் பள்ளி திறப்பதற்கு முந்திய நாட்கள், காலாண்டு விடுமுறை, ஜனவரி மூன்றாம் வாரத்துக்குப் பிறகு வரும் வார இறுதிகள் நல்லவை.

அக்டோபர் கடைசி முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை வானிலை அறிக்கை பார்க்காமல் கிளம்ப வேண்டாம். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. சேலம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை என்று செய்தி வந்தால் அறைக்குக் கொடுத்த அட்வான்ஸ் போனாலும் போகட்டும் என்று தேதியைத் தள்ளிப்போடுங்கள்.

அறை பிடிக்கும்போது

ஏரிக்குப் பக்கத்தில் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் விடுதி உண்டு, தனியார் விடுதிகளும் உண்டு. காப்பித் தோட்டத்துக்குள்ளே காட்டேஜ், ஹோம்ஸ்டே என்றும் நிறைய இருக்கின்றன. தோட்டத்து வீடு படத்தில் பிரமாதமாக இருக்கும். ஆனால் இரவு ஒன்பது மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் மருந்துக்கடைக்கு இருட்டில் மண் ரோட்டில் இறங்க வேண்டும். தோட்டப் பக்கம் காட்டெருமை நடமாட்டமும் உண்டு. முதல் தடவை ஏரியிலிருந்து அல்லது ஒண்டிக்கடைச் சந்திப்பிலிருந்து நடக்கும் தூரத்தில் தங்குங்கள். தோட்டத்து வீடு பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்த பிறகு.

பணம் அனுப்புவதற்கு முன் போனில் இவற்றைக் கேளுங்கள்:

1. "அண்ணே, வெந்நீர் எந்நேரமும் வருமா, இல்லை காலையில் மட்டுமா?"
2. "பாத்ரூமில் இருப்பது கரண்ட் ஹீட்டரா, கேஸ் ஹீட்டரா?" கேஸ் என்றால் அது குளியலறைக்கு வெளியே இருக்க வேண்டும். மூடிய அறைக்குள் எரியும் கேஸ் கார்பன் மோனாக்சைடு விடும், அதற்கு மணமே கிடையாது.
3. "பால்கனிக் கம்பிக்கு நடுவில் குழந்தை தலை நுழையுமா?" சிரித்தாலும் பரவாயில்லை, ஒரு போட்டோ அனுப்பச் சொல்லுங்கள்.
4. "கடைசி ஒரு கிலோமீட்டர் ரோடு எப்படி? சின்னக் கார் ஏறுமா?"
5. "ராத்திரி பால் காய்ச்சித் தருவீர்களா?"

பையில் என்ன வைப்பது?

நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் குளிர் உடுப்பு பெரும்பாலும் இருக்காது. இதற்காகத் தடிமனான ஜாக்கெட் வாங்க வேண்டியதில்லை. பனியன், முழுக்கைச் சட்டை, மேலே ஒரு ஸ்வெட்டர் என்று மூன்று அடுக்காகப் போடுங்கள். வெயில் ஏற ஏற ஒவ்வொன்றாகக் கழற்றலாம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் 12, 13 டிகிரி வரை இறங்கும், அப்போது காது மூடும் குல்லாவும் சாக்ஸும் கட்டாயம். செருப்போடு மட்டும் வராதீர்கள். ஈரப் பாறையில் பிடிப்புள்ள ஷூ ஆளுக்கு ஒரு ஜோடி வேண்டும்.

மருந்துப் பை தனியாக, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்: தெர்மாமீட்டர், குழந்தையின் எடைக்கு டாக்டர் எழுதிய பாரசிட்டமால் சிரப், ஓ.ஆர்.எஸ். பொட்டலம், பேண்டேஜ், ஆன்டிசெப்டிக், வாந்திக்கு டாக்டர் சொன்ன மருந்து. ஆஸ்துமா உள்ள குழந்தையின் இன்ஹேலரை டிக்கியில் வைத்த பெட்டிக்குள் போட வேண்டாம்.

போவது எப்படி? காரில்

கோவளத்திலிருந்து சேலம் ஏறக்குறைய 320 கிலோமீட்டர், அதற்கு மேல் மலை 30 கிலோமீட்டர். பிள்ளைகளோடு எட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. முந்தின நாளே டயர் காற்று, பிரேக், ஸ்டெப்னி, வைப்பர் பார்த்துவிடுங்கள். பிரேக் மிதி வழக்கத்தைவிடக் கீழே இறங்கினாலோ சத்தம் வந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டாமல் மலையேற வேண்டாம்.

2. காலை 4.30 மணிக்குப் பிள்ளைகளைத் தூங்கத் தூங்கத் தூக்கி வண்டியில் போடுங்கள். முதல் இரண்டு மணி நேரம் தூக்கத்திலேயே கழிந்துவிடும். தூங்கினாலும் பெல்ட் போட்டிருக்க வேண்டும். சிறு குழந்தைக்குக் குழந்தை இருக்கை வேண்டும். 2019ஆம் ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி 14 வயதுக்குட்பட்டவர்களுக்கு இது கட்டாயம், மீறினால் ரூ.1,000 அபராதம். முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்வது நம்மிடம் சகஜம், அதுதான் மிக ஆபத்தானது.

3. கோவளத்துக்காரர்கள் தாம்பரம் போய்ச் சுற்ற வேண்டாம். கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு போய் ஜி.எஸ்.டி. ரோட்டைப் பிடியுங்கள். வண்டலூர், கூடுவாஞ்சேரி நெரிசலும் இல்லை, பரனூர் டோல்கேட்டும் இல்லை. தாம்பரம், சேலையூர்க்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. ரோடுதான். ஐந்து மணிக்குள் பெருங்களத்தூரைத் தாண்டிவிடுங்கள்.

4. மதுராந்தகம் ஏரிக்கரை விடிகிற நேரத்தில் வரும். விக்கிரவாண்டிக்கு முன்னே பின்னே இட்லி சாப்பிடலாம். பூரி, பொங்கல் வேண்டாம், மதியம் வளைவுகள் காத்திருக்கின்றன. கழிப்பறை சுத்தமாக இருக்கும் கடையாகப் பார்த்து நிறுத்துங்கள், ருசி இரண்டாம்பட்சம்.

5. உளுந்தூர்ப்பேட்டையில் திருச்சி ரோட்டை விட்டுச் சேலம் ரோட்டுக்குத் திரும்ப வேண்டும். தூக்கக் கலக்கத்தில் நேரே போய்விடுபவர்கள் உண்டு. இங்கிருந்து சேலம் 136 கிலோமீட்டர். நான்கு வழிச் சாலையாக அமைத்தபோதும் தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், ஆத்தூர் போன்ற ஊர்களின் பைபாஸ்களை இரு வழியாகவே போட்டார்கள். நேருக்கு நேர் மோதல்களுக்குப் பேர்போன இடங்கள் அவை. அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடத்திலும் சரி, முடிந்த இடத்திலும் சரி, வேகத்தைக் குறைத்தே நுழையுங்கள்.

6. ஆத்தூர் தாண்டும்போது பிள்ளைகளை எழுப்பி வெளியே பார்க்கச் சொல்லலாம். இது மரவள்ளிக் கிழங்குச் சீமை. சேகோ ஃபேக்டரிக் களங்களில் வெள்ளை வெளேரென்று மாவு காய்வதும், கூடவே வரும் புளித்த வாடையும் அவர்களுக்குப் புதிது. பாயசத்தில் போடும் ஜவ்வரிசி இங்கிருந்துதான் வருகிறது என்று சொல்லுங்கள்.

7. வாழப்பாடிக்கும் அயோத்தியாப்பட்டணத்துக்கும் நடுவில் மதியச் சாப்பாடு, அதுவும் அரை வயிறு. சாப்பிட்டு முக்கால் மணி நேரமாவது போன பிறகே மலை ஏற வேண்டும்.

ஒரு குறிப்பு: டோல் ரசீதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அச்சிறுபாக்கத்தை ஒட்டி ஆத்தூர் என்று ஒரு டோல்கேட் வரும், சேலம் மாவட்டத்து ஆத்தூர் அதற்கு வெகுதூரம் தள்ளி இருக்கிறது. உளுந்தூர்ப்பேட்டைக்குப் பிறகு வீரசோழபுரம், நத்தக்கரை, மேட்டுப்பட்டி என்று மூன்று டோல்கேட். ஃபாஸ்டேகில் போக வர இரண்டுக்கும் சேர்த்துப் பணம் போட்டு வையுங்கள்.

ரயிலிலும் பஸ்ஸிலும்

மலையில் ஓட்டிப் பழக்கமில்லை என்றால் ரயிலே மேல். எழும்பூரிலிருந்து சேலம் போகும் இரவு எக்ஸ்பிரஸ் தாம்பரத்தில் நின்று, விழுப்புரம், விருத்தாசலம், ஆத்தூர் வழியாக அதிகாலையில் சேலத்தில் இறக்கிவிடும். வெள்ளி இரவு ஏறி, ஞாயிறு இரவு சேலத்தில் திரும்பும் வண்டியைப் பிடித்தால் லீவே தேவையில்லை, மலையில் ஓர் இரவு போதும்.

இதில் பலர் மாட்டும் இடம் தேதி. வண்டி எழும்பூரிலிருந்து நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகிறது, தாம்பரத்துக்கு வரும்போது மறுநாள் பிறந்திருக்கும். தாம்பரத்திலிருந்து டிக்கெட் எடுத்தால் சனிக்கிழமைத் தேதி போட வேண்டும். வெள்ளி என்று போட்டுவிட்டு ஒரு நாள் தாமதமாக பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் உண்டு. இரண்டாவது பொறி பெயரில் இருக்கிறது. ஏற்காடு எக்ஸ்பிரஸ் என்றதும் புக் பண்ணிவிடாதீர்கள், அது சென்ட்ரலிலிருந்து காட்பாடி, ஜோலார்பேட்டை வழியாக ஈரோட்டுக்குப் போகும் வண்டி, தாம்பரம் பக்கமே வராது.

முன்பதிவு பயணத்துக்கு 60 நாள் முன்பு திறக்கும். 5 வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். 5 முதல் 12 வரை, பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். கேளுங்கள். எட்டு வயதுப் பிள்ளையோடு ஒரே பெர்த்தில் படுத்து வந்த அம்மாவால் மறுநாள் மலை ஏற முடியாது.

பஸ்ஸென்றால் 2023 டிசம்பர் கடைசியில் திறந்த கிளாம்பாக்கம் நிலையம் நமக்கு வசதி, கோயம்பேடு வரை போக வேண்டியதில்லை. சேலத்தில் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து ஏற்காட்டுக்கு அரசுப் பேருந்து போகிறது. 5 வயது வரை அரசுப் பேருந்தில் டிக்கெட் கிடையாது. வாந்தி வரும் குழந்தையோடு பின் சீட்டில் உட்காராதீர்கள். அடுத்த பஸ் வரை காத்திருந்தாவது முன் பக்கம் பிடியுங்கள்.

இருபது வளைவுகள்

சேலத்தில் அஸ்தம்பட்டி, கோரிமேடு தாண்டி அடிவாரம். அங்கிருந்து மேலே 20 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் போட்டிருக்கும். எண்ணும் பொறுப்பை மூத்த பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். எண்ணுகிறவருக்கு வாந்தி வருவது குறைவு, கண் வெளியே இருக்கும் அல்லவா.

அயோத்தியாப்பட்டணத்திலிருந்து குப்பனூர் வழியாகவும் ஒரு பாதை ஏறுகிறது. நம் பக்கத்திலிருந்து போகிறவர்களுக்குச் சேலம் ஊருக்குள் நுழையாமல் போகலாம் என்பதால் மேப் அதைக் காட்டக்கூடும். பாதை குறுகல், ஆள் நடமாட்டமும் குறைவு. மலையில் ஓட்டிப் பழகாதவர் முதல் தடவை அடிவாரம் வழியாகவே போகட்டும். கூட்ட நாட்களில் போலீஸ் ஒருவழி ஆக்கியிருந்தால் அதன்படி.

1. அடிவாரத்தில் பத்து நிமிடம் நிறுத்துங்கள். எல்லோரும் சிறுநீர் கழித்து, முகம் கழுவி ஏறட்டும். ஏசியை அணைத்துக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள்.

2. செல்போன், கதைப்புத்தகம் இரண்டையும் வாங்கி வைத்துவிடுங்கள். கண் அசையாத ஒன்றைப் பார்க்க, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஆடுவதாகச் சொல்ல, அந்தக் குழப்பத்தில்தான் குமட்டல் வருகிறது. தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள், அல்லது கண்ணை மூடித் தூங்கவிடுங்கள்.

3. வாந்தி மருந்து கொடுப்பதானால் ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்கு முன். உங்களுக்கு வாங்கியதைப் பாதியாக உடைத்துக் குழந்தைக்குத் தராதீர்கள். புரோமெத்தசின் போன்ற மருந்துகள் 2 வயதுக்குட்பட்டவர்களுக்குக் கொடுக்கவே கூடாதவை. ஊரிலேயே குழந்தை மருத்துவரிடம் கேட்டு அளவு எழுதி வாங்கி வாருங்கள்.

4. காது அடைத்தால் பெரிய பிள்ளைக்குச் சப்பும் மிட்டாய், கைக்குழந்தைக்குப் பால். விழுங்கும்போது காது திறந்துகொள்ளும். ஆனால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விட வைக்க, வண்டியை ஓரமாக நிறுத்துங்கள்.

5. வளைவுக்கு முன்பே கியரைக் குறையுங்கள், ஹாரன் அடியுங்கள், எதிரே இறங்குவது பஸ்ஸா என்று மேலே அண்ணாந்து பாருங்கள். பெரிய வண்டி வளைவில் திரும்ப உங்கள் பக்கத்து ரோடும் அதற்கு வேண்டும். வளைவுக்கு முன்னால் நின்று அதைத் திரும்பவிட்டுப் பிறகு ஏறுங்கள்.

6. வளைவின் மேல் நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். அகலமான இடம் வரும், அங்கே இறங்கலாம்.

வாந்தி வந்தேவிட்டால் திட்ட வேண்டாம், அடுத்த வளைவில் பயத்தாலேயே மறுபடி வரும். ஓரம் நிறுத்தி, வாய் கொப்பளிக்க வைத்து, கால் மணி நேரம் காற்றில் உட்கார வையுங்கள். தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்கவிடாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். முன்சீட்டின் பின்பக்கம் இரண்டு கவரும் ஈரத்துணியும் இருந்தால் வேலை சுலபம். எலுமிச்சை முகர்வது சிலருக்கு ஒத்துக்கொள்ளும்.

முதல் நாள் மாலை: ஏரி மட்டும்

அறைக்குப் போனதும் எல்லோரும் படுங்கள். "வந்த நேரத்தை வீணாக்குவானேன்" என்று மதியமே சுற்றக் கிளம்பும் குடும்பங்களில்தான் ராத்திரி அழுகையும் காய்ச்சலும். நான்கரை மணிக்கு ஏரிக்குப் போனால் போதும். படகு, எதிரே அண்ணா பூங்கா, மான் பூங்கா எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். முட்டுக்காடு பார்த்த பிள்ளைகளுக்கு ஏரி சின்னதாகத் தோன்றும், ஆனால் பனி இறங்கும் தண்ணீர் அவர்களுக்குப் புதிது.

படகில் ஏறுவதற்கு முன் மிதவை அங்கி குழந்தையின் அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர் அங்கியை மாட்டினால் தண்ணீரில் விழுந்ததும் தலை வழியாகக் கழன்றுவிடும். அங்கியின் தோளைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், முகவாய்க்கு மேல் ஏறினால் வேறு கேளுங்கள். அளவு இல்லை என்றால் படகு வேண்டாம், பூங்காவில் ஊஞ்சல் இருக்கிறது. கடலோரப் பிள்ளை, நீச்சல் தெரியும் என்பதெல்லாம் குளிர்ந்த ஏரியில் செல்லாது.

ஆறரைக்கு ஸ்வெட்டர், ஏழரைக்குச் சூடான சாப்பாடு, ஒன்பதுக்குத் தூக்கம்.

இரண்டாம் நாள்

காலை ஏழு மணிக்குப் பகோடா பாயிண்ட். கிழக்கே பார்த்த இடம், கீழே காக்கம்பாடி கிராமம் தெரியும், மூடுபனி விலகும் நேரம் அழகு. கோபுரம்போல அடுக்கிய கற்கள் பக்கத்தில் ராமர் கோயில் இருக்கிறது. தடுப்பு இல்லாத பாறை விளிம்புகளும் இருக்கின்றன. ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை என்று கையைப் பிடித்துக்கொண்டே நடங்கள். அந்த நேரம் படம் எடுப்பவரை ஆள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அறைக்குத் திரும்பிக் காலை உணவு, பிறகு சேர்வராயன் கோயில். மலையின் உச்சி, 1,600 மீட்டருக்கு மேல். குகைக்குள் சேர்வராயனும் காவேரி அம்மனும். மலையில் வாழும் பழங்குடி மக்களின் குலதெய்வம் என்பதால் இங்கே சத்தம் போட்டு ஓடாதீர்கள் என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வெளியே விரிந்த மேட்டில் வேண்டிய மட்டும் ஓடலாம், பட்டம் விடலாம். என்னைக் கேட்டால் ஏற்காட்டில் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது. காற்று பலமாக அடிக்கும், காதை மூடுங்கள்.

மதியம் சாப்பாடு, தூக்கம். எழுந்ததும் இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தோட்டத்துக்குப் போகலாம். அங்கே ஆர்க்கிட் தொகுப்பும், பூச்சியைப் பிடித்துத் தின்னும் குடுவைச் செடியும் உண்டு. ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளை இருந்தால் போங்கள், அதற்குக் கீழே என்றால் செடியைப் பிடுங்காமல் பார்த்துக்கொள்வதே வேலையாகும். மாலை லேடிஸ் சீட். சூரியன் விழுந்த பிறகும் அரை மணி நேரம் இருந்தால் கீழே சேலம் முழுக்க விளக்கேறுவதைப் பார்க்கலாம். மிளகாய் பஜ்ஜி பெரியவர்களுக்கு, சுடச்சுட வேகவைத்த சோளம் பிள்ளைகளுக்கு.

விட்டுவிட வேண்டியவை

கிளியூர் அருவி. ஏரியின் உபரித் தண்ணீர்தான் அங்கே 300 அடி விழுகிறது. கீழே போகச் செங்குத்தான படிகள் நூற்றுக்கணக்கில். வெயில் காலத்தில் தண்ணீர் இருக்காது, தண்ணீர் இருக்கும் காலத்தில் படி வழுக்கும். பத்து வயதுக்குக் கீழ் உள்ளவரோடு இறங்காதீர்கள். இறங்கும்போது நடந்த பிள்ளையை ஏறும்போது நீங்கள்தான் தூக்க வேண்டும்.

கரடிக் குகையையும் விடலாம். குனிந்து நுழையும் இருட்டுக் குகையில் சிறு குழந்தைக்குச் செய்ய ஒன்றுமில்லை. 32 கிலோமீட்டர் லூப் ரோடு காப்பி, மிளகுத் தோட்டங்களுக்கு நடுவே போகும் அழகான பாதை. ஆனால் முந்தின நாள் வாந்தி எடுத்த குழந்தையை மறுபடி வளைவில் சுற்றுவானேன்?

குரங்குகள்

வளைவுகளிலும் பகோடா பாயிண்டிலும் குரங்குக் கூட்டம் இருக்கும். பிள்ளை கையில் சிப்ஸ் பாக்கெட் தெரிந்தால் அது வரும். வந்துவிட்டால்:

1. பாக்கெட்டைத் தூரமாகப் போட்டுவிடச் சொல்லுங்கள், இழுபறி வேண்டாம்.
2. கண்ணோடு கண் பார்க்காமல், சிரித்துப் பல்லைக் காட்டாமல், பின்னால் நகருங்கள். பல்லைக் காட்டினால் குரங்குக்கு அது சண்டைக்கு அழைப்பு.
3. கடித்தாலோ கீறினாலோ, சின்னக் கீறலே என்றாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், காப்பித்தூள் எதுவும் வைக்காதீர்கள்.
4. அன்றே ஏற்காடு அரசு மருத்துவமனைக்குப் போய் ரேபீஸ் தடுப்பூசி கேளுங்கள். ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட வேண்டாம்.

மற்ற அவசரங்களுக்கு 108. பெரிய சிகிச்சைக்குச் சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. கொண்டை ஊசி வளைவுகளில் இருட்டில் நீங்களே ஓட்டிக்கொண்டு இறங்குவதைவிட ஆம்புலன்ஸ் நல்லது.

இரவுக் குளிருக்கு அறைக்குள் கரி அடுப்போ, பார்பிக்யூத் தணலோ கொண்டுவராதீர்கள், அணைந்ததுபோலத் தோன்றினாலும் சரி. மேலே சொன்ன அதே கார்பன் மோனாக்சைடுதான். கூடுதலாக ஒரு கம்பளி கேளுங்கள்.

இறங்கும் நாள்

காலையில் எங்கும் போக வேண்டாம். காப்பித்தூளும் மிளகும் வாங்குங்கள். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் இங்கே காப்பி கொண்டுவந்து வைத்ததிலிருந்து மலையே காப்பித் தோட்டம். பருவத்தில் ஆரஞ்சும் பலாவும் கிடைக்கும். பத்து மணிக்குள் இறங்கத் தொடங்கிவிடுங்கள்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் கவனம் வேண்டும். 2024 ஏப்ரல் 30 அன்று ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு இறங்கிய தனியார் பேருந்து பள்ளத்தில் விழுந்து உயிர்கள் போயின.

1. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டாவது. ஆட்டோமேட்டிக் வண்டியில் எல் அல்லது மேனுவலுக்கு மாற்றுங்கள்.
2. பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் உருட்டாதீர்கள். இன்ஜின் பிடிப்பு போய்விடும், பாரமெல்லாம் பிரேக்கில் விழும்.
3. பிரேக்கை மிதித்தபடியே இறங்காமல், விட்டு விட்டு மிதியுங்கள். கருகிய வாடை வந்தாலோ மிதி மெத்தென்று இறங்கினாலோ ஓரமாக நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். சக்கரத்தில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.
4. ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள்.
5. மூடுபனி இருந்தால் முகப்பு விளக்கைத் தாழ்த்தி வையுங்கள். ஹை பீம் போட்டால் பனியில் பட்டு உங்கள் கண்ணையே கூசும்.

சேலத்தில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுங்கள். சட்னி காரம், சிறியவருக்கு இனிப்புச் சட்னி மட்டும் போடச் சொல்லுங்கள். மே, ஜூனில் மாம்பழம் ஒரு கூடை. பன்னிரண்டரைக்குள் சேலத்தை விட்டால் ஆத்தூர், கள்ளக்குறிச்சி இரு வழிச் சாலைகளை வெளிச்சத்திலேயே தாண்டிவிடலாம்.

ஞாயிறு மாலை ஊர் திரும்பும் கூட்டம் முழுக்க ஜி.எஸ்.டி. ரோட்டில் சேரும், பரனூரில் வரிசை நிற்கும். கோவளம், கேளம்பாக்கம் போகிறவர்கள் செங்கல்பட்டிலேயே பிரிந்து திருப்போரூர் ரோட்டைப் பிடித்துவிடுங்கள். அந்த ரோட்டில் இரவில் மாடுகள் படுத்திருக்கும், 50க்கு மேல் ஓட்ட வேண்டாம். தாம்பரத்துக்காரர்கள் செங்கல்பட்டுக்கு முன்பே பிள்ளைகளுக்கு இரவுச் சாப்பாட்டை முடித்து, கழிப்பறைக்கும் போய்வர வையுங்கள். பரனூருக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவில் நெரிசலில் மாட்டினால் நிறுத்துவதற்கு இடம் கிடைக்காது.